போயிரலாம்னு இருக்குதுங்க

1

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். நான் பகுதிநேரமாக வேலை பார்க்கும் நகர நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் பேசினார்.

"நீங்கள் தமிழ் பேசுவீர்களா?"

"பேசுவேன்."

"இந்தியாவில் எந்தப் பகுதித் தமிழ்?"

ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஜெர்மன்காரர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தமிழ் என்று ஒரு மொழி இருக்கிறது என்பதையே இங்கே பலருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். "கோயமுத்தூர்ப் பக்கம்" என்றேன். எதிர்முனையில் நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அப்படியானால் இன்றைக்கே வர முடியுமா?"

நகராட்சி அலுவலகத்தில் மொழி உதவிக்கான தன்னார்வலர் பட்டியல் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன்பு அதில் என் பெயரைக் கொடுத்திருந்தேன். இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முறை பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு, ஒரு முறை பல் வைத்தியத்துக்கு. இது அப்படிப்பட்ட காரியம் இல்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

இனி நான் சொல்லப்போகிற பெண்ணை நித்யா என்று அழைக்கிறேன். அது அவள் பெயர் இல்லை. இதை எழுதி முடித்து அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பேரு மட்டும் வேற வெச்சுக்குங்க்கா. மத்ததையெல்லாம் அப்படியே போடுங்க" என்றாள். அப்படியே போடுகிறேன்.

2

நித்யாவுக்கு இருபத்தாறு வயது. சோமனூர்ப் பெண். வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம் இருக்கிற குடும்பம். வேதியியலில் முதுகலை முடித்து, கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். கணினி வேலையில் இருக்கிற பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. குழந்தை பிறந்து ஐந்து வாரம்.

இந்த நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு பிரசவத் தாதி தேடி வந்து தாயையும் சேயையும் பார்த்துவிட்டுப் போவார். அப்படி வந்தவருக்கு நித்யாவின் முகம் சரியாகப் படவில்லை. பிரபு வேலைக்குப் போயிருந்த நேரம். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, "எப்படி இருக்கிறது உங்களுக்கு?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். நித்யா சொன்ன பதில்:

"ஒண்ணுமில்லீங்க. என்னமோ போயிரலாம்னு இருக்குதுங்க."

அந்த மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழர். நல்ல மனிதர், பின்னால் நான் அவரோடு பேசியிருக்கிறேன். "போய்விட வேண்டும் போல இருக்கிறது" என்பதை அவர் உயிரை விட்டுவிடுவது என்று எடுத்துக்கொண்டார். ஐந்து வாரக் குழந்தை தொட்டிலில் கிடக்க, ஒரு தாய் அப்படிச் சொன்னதாகக் கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குழந்தையும் கூடவே வந்தது. ஆனால் எத்தனை நாளைக்குக் கூட வைத்திருக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அவளுடைய கோப்பில் இன்னொரு வரியும் ஏறியிருந்தது: "உணவை மறுக்கிறார்."

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செவிலியிடம் கேட்டேன். "சாப்பாடு வேண்டுமா என்று கேட்டீர்களா?"

"கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்."

"எத்தனை முறை கேட்டீர்கள்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒரு முறைதான்."

எங்கள் பக்கத்தில் முதல் முறை கேட்டதும் "கொண்டாங்க" என்று சொல்கிற ஆள் கிடையாது. "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்போம். பசியில் கண் இருட்டினாலும் அப்படித்தான். இரண்டாவது முறை, "சிரமம் எதுக்குங்க" என்போம். மூன்றாவது முறை தட்டு முன்னால் வந்துவிடும். செவிலிக்கு இதை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, கோப்பை மூடிவைத்துவிட்டு, நேராக நித்யாவின் படுக்கைக்குப் போனார். "வேண்டுமா? வேண்டுமா? வேண்டுமா?" என்று மூச்சு விடாமல் மூன்று தடவை ஜெர்மனில் கேட்டார்.

நித்யா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். பிறகு ரொட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

3

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் பிரபு என்னை நடைபாதையில் நிறுத்தினான். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க கெணத்துக்கடவுங்களா? கடவுளாப் பாத்து அனுப்புனாப்புல இருக்குதுங்க்கா. ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. ஊருக்குப் போகோணும்னுதான் அவ சொன்னா, வேற ஒண்ணுமில்லைன்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. அவ வேற என்ன சொன்னாலும் அதச் சொல்லாதீங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொழந்தயப் பிரிச்சிருவாங்கக்கா. ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும்? அவங்கப்பாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோன ஆள். நானும் பயந்துதான் போயிருந்தேன். அவன் கேட்டதைச் செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இவ்வளவு அதிகாரம் என் கையில் இதற்கு முன்பு எப்போதும் இருந்ததில்லை.

"பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னேன். அது எங்கள் ஊர்ப் பதில். செய்கிறேன் என்றும் அர்த்தம், மாட்டேன் என்றும் அர்த்தம். சொன்ன அடுத்த நொடியே எனக்கு அது பிடிக்கவில்லை.

4

மருத்துவர் அறுபதை நெருங்கிய பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார். நித்யா ஜன்னலோரம் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிரபுவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு ஜெர்மன் வார்த்தைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி என் பக்கம் திருப்பினார். முதலாவது, மனதில் வந்துபோகிற நினைப்பு. இரண்டாவது, விருப்பம். மூன்றாவது, அடக்க முடியாமல் உள்ளேயிருந்து பிடித்துத் தள்ளுகிற உந்துதல். நான்காவது, செய்வது என்று எடுத்துவிட்ட முடிவு.

"இந்த நான்கில் எது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன வாக்கியம் இதில் எது?"

நான் தாளைப் பார்த்தேன். நான்கிலும் அது அடங்கவில்லை.

'போயிரலாம்னு இருக்குது.' அந்த வாக்கியத்தில் 'நான்' இல்லை. செய்கிற ஆள் இல்லை. வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்குது என்பதைப்போல அது பாட்டுக்கு இருக்கிறது. நம் பேச்சில் மனசுக்குள் நடப்பதெல்லாம் இப்படித்தான். 'எனக்குப் பசிக்குது', 'எனக்குத் தோணுது', 'எனக்கு வேணும்.' எல்லாம் 'எனக்கு' வருகிறதே தவிர 'நான்' செய்வதில்லை. ஆசையைக்கூடப் 'படுகிறோம்', அடிபடுவதைப்போல. 'நான் விரும்புகிறேன்' என்று யாராவது வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? விண்ணப்பத்தில் எழுதுவோம். அவ்வளவுதான். ஜெர்மனிலோ விருப்பத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்து நின்றாக வேண்டும்.

இதையெல்லாம் தட்டுத்தடுமாறி மருத்துவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"அப்படியென்றால் அவரையே கேளுங்கள். உங்கள் மொழியில், உங்கள் ஊரில் எப்படிக் கேட்பீர்களோ அப்படி."

நான் நாற்காலியை இழுத்து நித்யாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"அம்மணி, போயிரலாம்னு இருக்குதுன்னு சொன்னீங்களாமா. எங்கீங்க போலாம்னு இருந்துச்சு?"

அவள் குழந்தையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊருங்க்கா?"

"கெணத்துக்கடவுங்க."

"அப்பச் சொன்னாப் புரியும்" என்றாள். "எங்கூட்டுல பொறக்கால தறி ஓடிக்கிட்டே இருக்குமுங்க. அந்தச் சத்தத்துலயேதான் பொறந்ததுலேர்ந்து தூங்கிருக்கறேன். இங்க ஒரு சத்தமும் இல்லீங்க்கா. அவரு வேலைக்குப் போனதும் கதவச் சாத்துனா, நான் இருக்கறனா இல்லியான்னே தெரீலீங்க. மொதல்ல ஊட்டுக்குப் போலாம்னு இருந்துச்சு. அப்பறம் எங்கயாச்சும் போலாம்னு இருந்துச்சு. இப்ப..."

நிறுத்தினாள்.

"இப்ப?"

"சாவோணும்னு ஆசையெல்லாம் இல்லீங்க்கா. ஆனா இருக்கோணும்னும் ஆசை இல்லீங்க. காலைல எந்திரிக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு நப்பாசை மாதிரி ஒண்ணு வருதுங்க. கொழந்த அழுதா அது போயிருது. மறுபடியும் வருது."

நப்பாசை. கிடைக்காது என்று தெரிந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஆசைக்கு நாம் வைத்திருக்கிற பெயர். பேருந்து போய்விட்டது என்று தெரிந்தும் நிறுத்தத்தில் இன்னும் ஐந்து நிமிடம் நிற்போமே, அதற்கான வார்த்தை. அந்த வார்த்தையை இந்த இடத்தில் நான் கேட்டதே இல்லை. அதைவிடச் சரியான வார்த்தையும் அங்கே இருந்திருக்க முடியாது.

வெளியே பிரபுவின் செருப்புச் சத்தம் போய்வந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்கிறார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அதுவும் பொய் இல்லை, பாதி உண்மை. நித்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் சொன்னது ஒருவருக்குப் புரிந்திருக்கிறது. அதை நான் பாதியாக வெட்டிவிட்டால் அவள் மறுபடி வாயே திறக்கமாட்டாள்.

முழுசாகச் சொன்னேன். சாக ஆசை இல்லை என்று சொன்னதை, இருக்க ஆசையில்லை என்று சொன்னதை, குழந்தை அழுதால் போய்விடுகிறது என்று சொன்னதை. நப்பாசைக்கு ஜெர்மனில் வார்த்தை கிடைக்காமல் பேருந்து நிறுத்தத்தையே விளக்கிச் சொன்னேன். மருத்துவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு நித்யாவைப் பார்த்து நேராகப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"இது ஒரு நோய். உங்கள் குணம் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. சரியாகிவிடும். குழந்தையை உங்களிடமிருந்து பிரிக்கமாட்டோம். தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்குகிற பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே போகிறீர்களா?"

"எத்தன நாளைக்குங்க?" என்றாள் நித்யா.

"ஆறு வாரம், எட்டு வாரம்."

அவள் உடனே அழவில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே, "சரீங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

5

பிரபு மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லிப்போட்டீங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வரி காதிலேயே இருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில், பெயர் ஊர் எதையும் சொல்லாமல், அந்த நான்கு வார்த்தைகளை மட்டும் என் மகளிடம் சொன்னேன். மகிழுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பத்து வருடமாக இப்படித்தான் போகிறது. சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டேன்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன் கண்ணு. நான் எதுக்காச்சும் ஆசைப்பட்டு நீ பாத்திருக்கறியா?"

மகிழ் யோசித்தாள். பிறகு, அபூர்வமாக, தமிழில் சொன்னாள்: "நீ எப்பவும் வேணுமா, வேணுமான்னு கேப்ப. வேணும்னு சொன்னதில்ல."

என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு இருபத்தொரு வயதில் ஒரு ஆசை இருந்தது. கோவையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது காந்திபுரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டு மொழி வகுப்பு ஒன்று நடந்தது. கீழே டவுன் பஸ்களின் இரைச்சல். மேலே நாங்கள் ஒன்பது பேர் ஜெர்மன் படித்தோம். மற்ற எட்டுப் பேரும் எஞ்சினியர்கள், மேல்படிப்புக்குப் போகிறவர்கள். "நீங்க எதுக்குங்க படிக்கறீங்க?" என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டும் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். "சும்மாதானுங்க" என்பேன். அந்த வகுப்புக்குப் போகிற நாட்களில் காலையிலேயே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சோறு இறங்காது. அதற்குப் பெயர் ஆசை என்றால் போதாது. வேட்கை என்று சொன்னால்தான் சரி. தாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வார்த்தை அது.

ஹைதராபாத்தில் ஜெர்மன் முதுகலைக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடிதம் வந்த அதே மாதத்தில் ஜெர்மனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஜாதகமும் வந்தது. வீடே கொண்டாடியது. "ஜெர்மன் படிச்ச புள்ளைக்கு ஜெர்மனி மாப்பிள்ளயே வந்துட்டாரு. ஆசப்பட்ட மாதிரியே அமைஞ்சுபோச்சு" என்று அத்தை சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். கொஞ்ச நாளில் நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். தென்னந்தோப்பில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். "உனக்கு விருப்பந்தானே கண்ணு?"

"சரீங்ப்பா" என்றேன்.

அப்பா மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் கேட்டது விருப்பத்தை. கொடுத்த இரண்டில் ஒன்றுக்குத் தலையாட்டுவது அது. சம்மதத்துக்குக் கொஞ்சம் அழகான பெயர். என்னிடம் இருந்தது வேறு. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவர் நல்லவர். வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அலமாரியில் மற்றவர்கள் படித்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு சின்ன அறையில், நப்பாசைக்கு ஜெர்மனில் வழி தேடிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், காந்திபுரம் மாடியில் இருந்த அந்தப் பரபரப்பு அப்படியே திரும்பி வந்தது. துக்கமான இடத்தில் அப்படி ஒன்று தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் அதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

6

தாயும் குழந்தையும் தங்குகிற அந்தப் பிரிவுக்கு வாரம் இரண்டு முறை போனேன். மருந்து, பேச்சு, நடை, தூக்கம் என்று அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. நித்யா முதல் வாரம் பேசவே இல்லை. இரண்டாவது வாரம், குழந்தையின் தொட்டில் பக்கத்தில் யாரோ ஒரு பழைய வானொலிப்பெட்டியை வைத்து, நிலையம் எதுவும் பிடிக்காமல் வெறும் இரைச்சலை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். தறிச் சத்தத்தைப் பற்றி அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்திருந்தேன் அல்லவா, அதைப் படித்த ஒரு செவிலியின் யோசனை. "தறி மாதிரியே இல்லீங்க்கா. ஆனா பரவாயில்ல" என்றாள். அன்று மதியம் தாயும் பிள்ளையும் மூன்று மணி நேரம் தூங்கினார்கள்.

ஐந்தாவது வாரம் பிரபு நூலகத்துக்கு வந்தான். குழந்தைகள் பகுதியில், சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"அவ நேத்து எங்கிட்ட மொதத் தடவையாச் சண்ட போட்டாங்க்கா" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். "அன்னைக்கு நான் கேட்டது தப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் வெச்சுக்கலீங்க."

"ஊர்ல இன்னும் சொல்லல. சாதாரணக் காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கறேன். நீங்க பேசிச் சொன்னீங்கன்னா, பெரியவங்க, பக்குவமாச் சொல்லுவீங்க..."

கேட்டவுடன் சரி என்று சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. கொஞ்சம் அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"மாட்டேனுங்க தம்பி. ஒருத்தர் சொன்னத இன்னொரு மொழில மாத்திச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். நீங்க இன்னும் சொல்லவே இல்லியே. நித்யாகிட்டக் கேளுங்க. அவங்க சொல்லச் சொன்னா, நீங்களே உங்க மாமனாருக்குப் போன் பண்ணுங்க."

அவன் முகம் சுருங்கியது. ஆனால் அன்று சாயங்காலமே பேசினான். நித்யா பக்கத்தில் இருந்து, ஒலிபெருக்கியைப் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே பேசினார்கள். நான் அங்கே இல்லை.

7

டிசம்பர் கடைசியில் நித்யா குழந்தையோடு சோமனூர் போனாள். ஜனவரியில் நானும் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கிணத்துக்கடவில் தம்பி வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் பஸ் மாறிச் சோமனூர் போனேன். தெருவுக்குள் நுழையும்போதே தறிகளின் சத்தம் காதை அடைத்தது. அந்தச் சத்தத்தில் ஒரு நான்கு மாதக் குழந்தை கூடத்துத் தொட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

நித்யா சதை போட்டிருந்தாள். மருந்து இன்னும் சாப்பிடுகிறாள்; கோவையில் ஒரு மருத்துவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய அம்மா காப்பி கொடுத்தார். "வேண்டாங்க" என்றேன். இரண்டாவது முறை கேட்பதற்குள் நித்யா டம்ளரை என் கையில் வைத்துவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்கம்மணி" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். "அடுத்த மாசம் மறுபடியும் அங்க போறேங்கறா. இங்க என்ன கொறச்சலு? புள்ள எங்க கண்ணு முன்னாலயே வளரட்டும். மாப்பிள்ள வருசத்துக்கு ரெண்டு தடவ வந்துட்டுப் போகட்டும். மறுக்கா அங்க போயி ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க என்ன பண்றது?"

அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பயத்தில் தப்பு ஒன்றும் இல்லை. நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆனாலும் ஆகுமுங்கம்மா. ஆகாதுன்னு நான் சொல்லல. ஆச்சுன்னா யாருகிட்டப் போகோணும்னு இப்பத் தெரியும். என்னன்னு சொல்லோணும்னும் தெரியும்."

"உனக்கு என்னதாண்டி வேணும்?"

அந்தக் கேள்வி கோபத்தில் வந்ததுதான். பதிலை எதிர்பார்த்துக் கேட்டது இல்லை. ஆனால் நித்யா பதில் சொன்னாள். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"நான் வேலைக்குப் போகோணும். லேப் வேலைக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. அதுக்கு அந்த மொழில ஒரு பரிச்சை எழுதோணும். வாரத்துல மூணு நாளு வகுப்பு. அந்த மூணு நாளும் அவரு சீக்கிரமா வந்து புள்ளயப் பாத்துக்கோணும், சரின்னுட்டாரு. வருசம் ஒரு தடவ ரெண்டு மாசம் நான் இங்க வந்து இருக்கோணும். நீங்க ஒரு தடவ அங்க வந்து பாக்கோணும். இவ்வளவுதானுங்கம்மா வேணும்."

பின்னால் தறிகளில் ஒன்று நின்றது. அவளுடைய அப்பா நூல் அறுந்ததைச் சரிசெய்ய நிறுத்தியிருப்பார். அந்த அம்மா மகளின் மடங்கிய விரல்களைப் பார்த்தார். இத்தனை 'வேணும்'களை ஒரே மூச்சில் அந்த வீட்டில் ஒரு பெண் சொல்லி அவர் கேட்டிருக்கமாட்டார். நானும் கேட்டதில்லை.

"எனக்குப் பாஸ்போர்ட் இல்லியே" என்றார் கடைசியில்.

"எடுத்துக்கலாமுங்க" என்றாள் நித்யா.

8

பிப்ரவரியில் ஜெர்மனி திரும்பியதும் நான் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்க்க அரசு அங்கீகாரம் கொடுக்கிற தேர்வு. தமிழுக்குத் தேர்வாளர் எங்கள் மாநிலத்தில் இல்லை. வேறு மாநிலத்துக்குப் போய் எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டும், அந்த மொழிபெயர்ப்பைச் செய்ய அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்கவே மூன்று வாரம் ஆனது.

"நாப்பத்தஞ்சு வயசுல எதுக்கு இந்தப் பாடு?" என்றார் என் கணவர். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

"எனக்கு இது வேணுமுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "எந்த ஊர்ல பரிச்சை? நான் லீவு போடறேன்" என்றார்.

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். விண்ணப்பிப்பதற்கான காரணத்தை எழுதச் சொல்லியிருந்தது. முதலில், சமூகத்துக்குச் சேவை செய்ய என்று எழுதினேன். அடித்தேன். தமிழர்களுக்கு உதவ என்று எழுதினேன். பொய் இல்லை, அதையும் அடித்தேன். புதுப் படிவம் ஒன்றை அச்செடுத்து, ஒரே ஒரு வரி எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அலுவலகப் பெண் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார்.

"இந்தக் கட்டத்தில், 'இளம் வயதிலிருந்து இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வேறு ஏதாவது சேர்க்கிறீர்களா? நிறைய இடம் இருக்கிறதே."

"இல்லை" என்றேன். "அவ்வளவுதான்."

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார். தேர்வு செப்டம்பரில்.